அண்ணன் பாதமும் நான்காம் ஃபாரமும்

அன்பிற்கும் மதிப்பிற்கும் ஒருசேர உரிய அண்ணி அவர்களுக்கு,

தங்கள் நாத்தனார் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொள்வது. தாயும் சேயும் நலமென்றும், பேத்தி தாத்தாவின் மூக்கோடு பிறந்திருக்கிறாள் என்றும் தாங்கள் எழுதிய மடல் கிடைத்து மகிழ்ந்தேன். மூக்கோடு நின்றுகொண்டது நல்லதே. பிடிவாதமும் சேர்ந்து இறங்காதிருக்க வேண்டும். இங்கே அண்ணன் நலம். அவருடைய பாதங்கள் இரண்டும் நலம். பாதங்களைத் தனியாகச் சொல்வானேன் என்று தாங்கள் புருவம் உயர்த்துவது இங்கிருந்தே எனக்குத் தெரிகிறது. அதைச் சொல்லத்தான் இந்த மடல். தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படியுங்கள். குழந்தை மடியில் இருந்தால் முதலில் மகளிடம் கொடுத்துவிடுங்கள்.

தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் பேசினால் என் குரல் நடுங்கும், எழுத்து நடுங்காது. அதோடு, தொலைபேசியில் தாங்கள் குறுக்கே பேசுவீர்கள். தாங்கள் குறுக்கே பேசினால் நான் உண்மையில் பாதியை விழுங்கிவிடுவேன். விழுங்குவதில் எனக்குள்ள பயிற்சிக்கு, இதற்கு முன் நான் எழுதிய மூன்று மடல்களே சான்று. "அண்ணன் என் பராமரிப்பில் மலர்ந்துவருகிறார்", "இயற்கை நெறியின் வெற்றியை நாள்தோறும் கண்கூடாகக் காண்கிறேன்", "கவலை என்னும் சொல்லையே தங்கள் அகராதியிலிருந்து நீக்கிவிடுக" என்றெல்லாம் எழுதியிருந்தேனே, அந்த மூன்றையும் எடுத்து, இம்மடலைப் படித்து முடிக்கும்வரை ஓர் ஓரமாகக் கவிழ்த்து வைத்துவிடுங்கள்.

மகளின் பேறுகாலத்துக்காக, அண்ணனை என் வீட்டில் விட்டுவிட்டுத் தாங்கள் புறப்பட்ட நாளை நினைவுகூர்கிறேன். வண்டி வாசலில் நிற்க, ஒரு கையில் பெட்டியும் மறுகையில் ஓர் அட்டையுமாக என் மூன்றாம் மாடி வரை ஏறி வந்தீர்கள். "அவருக்குச் சர்க்கரை ஏறிக்கிட்டே போகுது. டாக்டர் சாப்பாட்டுலயும் நடையிலயும்தான் சரி பண்ணணும்னு சொல்லிட்டாங்க. என்னென்ன பாக்கணும்னு இதுல எழுதியிருக்கேன்" என்று அந்த அட்டையை நீட்டினீர்கள். அதை நான் இரண்டு விரலால் வாங்கினேன். "நன்றி அண்ணி. ஆனால் இதற்கென்றே என்னிடம் ஒரு நூல் இருக்கிறது" என்றேன். தாங்கள் சிரித்தீர்கள். "சரி புலவரம்மா, உன் புஸ்தகம் பாத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனீர்கள். அட்டையை மேசை இழுப்பறையில் போட்டுத் தள்ளினேன். தள்ளியபோது இழுப்பறை எழுப்பிய ஓசை இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

அந்த நூலைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் குற்றம் அங்கேதான் பிறந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்பதும், அச்சகத்தின் பின்கட்டில் இருபத்தேழு ஆண்டுகளாகத் தாள் மடித்து, அடுக்கி, தைக்கும் கையாலேயே படித்துப் படித்து இந்த நடைக்கு வந்தவள் என்பதும் தாங்கள் அறிந்ததே. (எத்தனை முறை சொல்லுவேன் என்று அண்ணன் இந்த இடத்தில் கொட்டாவி விடுவார், தாங்கள் விடமாட்டீர்கள்.) புத்தகம் பக்கம் பக்கமாக அச்சாவதில்லை அண்ணி. பதினாறு பக்கங்கள் ஒரே பெரிய தாளின் இருபுறமும் அச்சாகி வரும். அதை மடித்தால் பக்கங்கள் வரிசைக்கு வந்துவிடும். அதற்கு ஃபாரம் என்று பெயர். ஃபாரங்களை ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்த்துத் தைத்தால் நூல். அச்சில் பழுதாகும் தாள்களைக் கழித்துப் போடுவார்கள். சிலவற்றில் மை இழுவிப் பரவியிருக்கும்; சிலவற்றில் ஒரு புறம் மட்டுமே அச்சேறி மறுபுறம் வெறுமையாக இருக்கும். அன்றாட உடல்நலம் பற்றி ஒரு நல்ல நூல் எங்கள் அச்சகத்துக்கு வந்தபோது, கழிவுக் குவியலிலிருந்து முதலாளியின் அனுமதியோடு ஒவ்வொரு ஃபாரமாகப் பொறுக்கி, எனக்கென்று ஒரு படியை நானே தைத்து, பச்சைத் துணி அட்டை போட்டு, முதுகில் பொன் எழுத்தும் பதித்தேன். வெறுமையான பக்கங்களை வீணாக்காமல் அவற்றில் என் சொந்த விளக்கவுரையை நீல மையில் எழுதினேன். ஆசிரியர் பாதி, நான் பாதி என்று அந்த நூலைப் பற்றி எனக்கு ஒரு நினைப்பு இருந்ததை இன்று மறைக்கவில்லை.

முதல் மூன்று ஃபாரங்கள் சரியாகவே நடந்தன. தீட்டாத தானியம், தட்டில் பாதி காய்கறி, மெதுவாக மென்று விழுங்குதல், இளவெயில், இருட்டியதும் உறக்கம். அண்ணன் முப்பத்தோரு ஆண்டுகள் ஒரு பெரிய கட்டடத்தில் மின்தூக்கியை இயக்கியவர். மேலும் கீழும் போகத் தெரிந்த அளவுக்கு முன்னே போகத் தெரியாதவர். "நடக்கணும்னா எதுக்கும்மா லிஃப்ட் கண்டுபிடிச்சான்?" என்பார். ஆனாலும் நடந்தார். "தட்டுல பாதி காய்னு சொன்னே. மீதிப் பாதியையும் காயாவே வச்சிருக்கியே" என்பார். ஆனாலும் உண்டார். மூன்றாம் வாரத் தொடக்கத்தில் நாற்பத்தெட்டாம் பக்கம் முடிந்தது. நாற்பத்தொன்பதாம் பக்கத்தில் "வயது முதிர்ந்தபின் பராமரிப்பு" என்று தலைப்பு. அண்ணனுக்கு அறுபத்து மூன்று. ஆசிரியர் என் வீட்டு வாசலில் வந்து நின்று எழுதியதைப் போல உணர்ந்தேன்.

அந்த ஃபாரம் ஒரு புறம் மட்டும் அச்சேறியது. எட்டுப் பக்கம் எழுத்து, எட்டுப் பக்கம் வெறுமை. இருந்த எட்டுப் பக்கங்களைத் தவறாமல் கடைப்பிடித்தேன். ஓட்ஸை இரவே ஊறவைத்தேன். தவிட்டை வெந்நீரில் குழைத்து வெதுவெதுப்பாகக் கொடுத்தேன். "அரை வாளி" என்றிருந்த அளவு சற்று மிகையாகத் தோன்றியதால் அரைக் கிண்ணம் என்று நானே திருத்திக்கொண்டேன். நாளுக்கு இரண்டு கேரட், ஓர் ஆப்பிள். "உள்ளங்கையை நன்றாக விரித்து அதன்மேல் வைத்துக் கொடுக்க வேண்டும், விரல்களை மடக்கக் கூடாது" என்றிருந்தது. கொடுப்பவரின் பெருந்தன்மையை இவ்வளவு நுட்பமாகச் சொன்னவர் வேறு எவர் என்று நெகிழ்ந்து, எதிரேயிருந்த வெற்றுப் பக்கத்தில் "விரிந்த கை, விரிந்த மனம்" என்று தொடங்கி ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். காலையும் மாலையும் நடை. "தளர்வாகப் பிடித்து நடத்த வேண்டும், இழுக்கக் கூடாது." முழங்கையைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு நடத்தினேன். வியர்வையோடு காற்றில் நிற்கவிடக் கூடாது என்றிருந்ததால், நடந்து திரும்பியதும் கட்டட வாசலிலேயே போர்வையைப் போர்த்தினேன். கீழ்வீட்டுத் தையல்காரர் கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடியே வெளியே வந்து பார்த்தார். "என்னக்கா, அண்ணனுக்குக் காய்ச்சலா?" "இல்லை, இது இயற்கை நெறி" என்றேன். "அவர் மூஞ்சியப் பாத்தா இயற்கையா தெரியலையே" என்றார்.

இன்னும் இருக்கிறது அண்ணி. மென்மையான தூரிகையால் கழுத்திலிருந்து கீழ்நோக்கி, முடி வளரும் திசையிலேயே தேய்த்துவிட்டால் இரத்த ஓட்டம் சீராகும். தேய்த்தேன். பின்புறமாக ஓசையின்றி நெருங்கக் கூடாது. பக்கவாட்டில் வந்து, மெல்லப் பேசிக்கொண்டே தோளைத் தொட வேண்டும். பேசிக்கொண்டே தொட்டேன். உண்டு முடித்ததும் கழுத்தில் இரண்டு முறை தட்டிக் கொடுக்க வேண்டும். தட்டிக் கொடுத்தேன். அண்ணன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார், அவ்வளவுதான். நெறியின் அமைதி அவருக்குள் இறங்குகிறது என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டே இரண்டு இடங்களில் மட்டும் நூலாசிரியரோடு எனக்குக் கருத்து வேறுபாடு தோன்றியது. ஐம்பத்திரண்டாம் பக்கத்தில் "உப்புக்கட்டி ஒன்று எப்போதும் நாக்குக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்" என்றிருந்தது. அண்ணனுக்கு இரத்த அழுத்தம் உண்டு. மருந்தகத்துச் சீட்டில் "உப்பு குறைவு" என்று செவிலியர் இரண்டு கோடு போட்டிருந்தார். அங்கே நூலை விட்டுச் சீட்டைப் பிடித்தேன். இத்தனை வாரங்களில் நான் செய்த ஒரே அறிவுள்ள செயல் அது. இரண்டாவது, ஆசிரியர் முதியவர்களை "அதன் கழுத்து", "அதன் படுக்கை" என்று எழுதியிருந்தார். என் இரத்தம் கொதித்தது. ஓரத்தில் சிவப்பு மையால் கண்டித்ததோடு நில்லாமல், உப்பைப் பற்றியும் சேர்த்துப் பதிப்பகத்துக்கு மூன்று பக்க மடல் ஒன்றும் எழுதினேன். கழிவுத் தாளில் கட்டிய படி என்பது வெளிப்பட வேண்டாமென்று நூலின் பெயரைத் தவிர்த்து, பக்க எண்களை மட்டும் குறித்தேன். என் தகுதி விளங்க வேண்டுமென்று அச்சகத்தின் பெயர் பொறித்த தாளில் எழுதினேன். "என் பொறுப்பில் இருப்பவர் முப்பத்தோராண்டுகள் மின்தூக்கியில் உழைத்து ஓய்வுபெற்றவர், அவரை 'அது' என்பதைப் பொறுக்கமாட்டேன்" என்று முடித்தேன். நடை நன்றாக அமைந்திருந்தது. இரண்டு முறை உரக்கப் படித்துப் பார்த்துவிட்டு உறையில் இட்டேன்.

இனித்தான் பாதம்.

ஐம்பத்தேழாம் பக்கம் இப்படிச் சொல்லிற்று: "ஒவ்வொரு நாளும் கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, அடிப்பாகத்தை ஈரத்துணியால் துடைத்து, விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். வலியை வெளிக்காட்டாத இயல்பு இருப்பதால், பார்ப்பவரே கண்டறிய வேண்டும்." அன்றே தொடங்கினேன். அண்ணன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்க, பின்னாலிருந்து கணுக்காலை உயர்த்தினேன். "உக்காந்துக்கறேனேம்மா" என்றார். "நூலில் நின்றவாக்கில் என்றுதான் இருக்கிறது" என்றேன். முதல் மூன்று நாளும் கண்ணுக்கு ஒன்றும் படவில்லை. நான்காம் நாள், வலது உள்ளங்காலில் பெருவிரலுக்குக் கீழே ஒரு சிவப்பு. நடுவில் ஒரு புள்ளி. அழுத்தினேன்; சீழ் வந்தது. "வலிக்கிறதா அண்ணே?" என்றேன். "எது?" என்றார். அந்த "எது" என்ற ஒரு சொல்லிலேயே அவருக்கு வலி தெரியவில்லை என்பது விளங்கிற்று. அய்யோ அண்ணி, அந்த மனுஷன் அந்தக் காலோட ரெண்டு நாளா காலையும் சாயந்தரமும் நடந்திருக்கார், நானும் கையப் புடிச்சிக்கிட்டு ஊரெல்லாம் பெருமையா நடத்திக்கிட்டு வந்திருக்கேன். மன்னிக்கவும், நடை தளர்ந்துவிட்டது.

அவருடைய செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். உட்புறம் ஒரு கம்பி நுனி துருத்திக்கொண்டு நின்றது. வேறொருவருக்கு அது வெறும் கம்பி. எனக்கு அது என்னவென்று தெரியும். புத்தகம் தைக்கும் இயந்திரத்தில் போடும் கம்பி, கோணலாக வெட்டுப்பட்டால் நாங்கள் பிடுங்கி எறிவோமே, அந்தத் துண்டு. என் வேலை மேலங்கியின் மடிப்பிலிருந்து வீட்டு வாசலில் உதிர்ந்திருக்கிறது. அண்ணனின் காலைக் குத்தியது என் வேலை. அந்தக் கம்பியைக் காகிதத்தில் மடித்து இத்துடன் இணைத்திருக்கிறேன். குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைத்துப் பாருங்கள்.

அன்றே மருந்தகத்துக்குக் கூட்டிப்போனேன். மருத்துவர் அம்மையார் புண்ணைத் திறந்து, கழுவி, கட்டுப்போட்டு, பத்து நாள் மருந்து எழுதிக் கொடுத்தார். "இன்னும் நாலு நாள் விட்டிருந்தா எலும்பு வரைக்கும் போயிருக்கும். அப்புறம் விரலா, பாதமான்னு பேசிக்கிட்டு இருந்திருப்போம்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "தினமும் பாதத்தைப் பாக்கணும்னு யாரு சொல்லிக் குடுத்தா? நான் தொண்டை கிழியச் சொல்லியும் யாரும் செய்யறதில்ல" என்றார். அந்தக் கணத்தில் நான் கம்பியைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பையிலிருந்து பச்சை அட்டை நூலை எடுத்து நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "நூல்" என்றேன். தங்களுக்கும் அன்று மாலையே தெரிவித்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக எழுதியதுதான் "கவலை என்னும் சொல்லை நீக்கிவிடுக" என்ற அந்த மூன்றாம் மடல். அண்ணன் கட்டுப்போட்ட காலை நாற்காலியில் நீட்டிக்கொண்டு என் எதிரே உட்கார்ந்திருக்க, அதை எழுதினேன்.

மருந்தகத்தில் வியாழன்தோறும் சர்க்கரை நோயுள்ளவர்கள் கூடுவார்கள். அடுத்த வியாழன் அங்கே என்னைப் பேச அழைத்தார் மருத்துவர். இருபத்து மூன்று பேர். நான் ஐந்தாம் வகுப்பு. எனக்கு முன்னால் ஓய்வுபெற்ற தபால்காரர், ஒரு பள்ளித் தலைமையாசிரியர், ரொட்டிக்கடைக்கார அம்மாள் எல்லாரும் கையில் பேனாவோடு. அண்ணனை நிறுத்திவைத்து, போர்த்தி, தேய்த்து, கட்டுப்போட்ட காலை உயர்த்தி, உள்ளங்கையில் ஆப்பிள் வைத்து ஊட்டி, எல்லாவற்றையும் செய்து காட்டினேன். தலைமையாசிரியர் "விரிந்த கை, விரிந்த மனம்" என்பதை எழுதிக்கொண்டார். வாழ்நாளில் அவ்வளவு பெருமையாக நான் நின்றதில்லை.

திங்கட்கிழமை பதிப்பகத்திலிருந்து பதில் வந்தது. அச்சகத் தாளில் எழுதியிருந்ததால் அச்சகத்துக்கே வந்தது. அச்சகத்துக்கு வந்த மடலாயிற்றே என்று முதலாளி பிரித்தார். "என்னம்மா இது, உங்களுக்கா?" என்று கேட்டுவிட்டு, பின்கட்டில் எல்லார் முன்னிலையிலும் கம்பீரமாகப் படிக்கத் தொடங்கினார். அதை மறக்க முடியாததால் அப்படியே எழுதுகிறேன்: "மதிப்பிற்குரிய அம்மையீர், எங்கள் 'குதிரை வளர்ப்போர் கையேடு' நூலைத் தாங்கள் ஆழ்ந்து பயின்றமைக்கு நன்றி. இரத்த அழுத்தமுள்ள குதிரைக்கு உப்புக்கட்டி ஆகாது என்ற தங்கள் கருத்தை நூலாசிரியரான கால்நடை மருத்துவருக்கு அனுப்பியுள்ளோம். முதிய குதிரைகளை 'அவர்' என்று குறிப்பிட வேண்டும் என்ற தங்கள் கோரிக்கை எங்கள் ஆசிரியர் குழுவில் நெடுநேரம் பேசப்பட்டது. தங்கள் குதிரை முப்பத்தோராண்டுகள் மின்தூக்கியில் பணிபுரிந்ததை அறிந்து வியந்தோம். இயலுமாயின் ஒரு புகைப்படம் அனுப்பி உதவுக."

தையல் இயந்திரம் நின்றது. ஓரம் வெட்டும் இயந்திரம் நின்றது. வெட்டுகிறவர் சிரிப்புத் தாங்காமல் கீழே உட்கார்ந்துவிட்டார். "அக்கா, அண்ணன் குதிரையா..." என்று சொல்ல ஆரம்பித்தவர் அதை முடிக்கவே இல்லை. நான் ஓடிப்போய்ப் பையிலிருந்து நூலை எடுத்து நாற்பத்தொன்பதாம் பக்கத்தைத் திறந்தேன். ஒவ்வொரு ஃபாரத்தின் முதல் பக்கத்திலும் அடியில், பொடி எழுத்தில், எந்த நூலின் எத்தனையாவது ஃபாரம் என்று ஓர் அடையாளம் அச்சாகியிருக்கும். வாசகர் கண்ணில் அது படாது. அது எங்களுக்காகவே இருப்பது. உடல்நல நூலின் மற்ற ஃபாரங்களிலெல்லாம் "உடல்" என்றிருந்தது. நான்காம் ஃபாரத்தில் "குதிரை 4" என்று, தெளிவாக, மை கூட இழுவாமல் நின்றது. இரண்டும் ஒரே பதிப்பகம், ஒரே தாள், ஒரே எழுத்து. ஒரே மாதத்தில் அச்சானவை. குதிரை என்ற சொல் வரும் பக்கங்களெல்லாம் அச்சேறாத புறத்தில் போய்விட்டன, அவற்றின்மேல்தான் நான் விளக்கவுரை எழுதினேன். நாற்பத்தெட்டுக்குப் பின் நாற்பத்தொன்பது வந்தது. அதோடு என் கண் நிறைவடைந்துவிட்டது.

மூன்றாண்டுகளுக்கு முன் எங்கள் மடிப்புக்காரி ஒரு கணக்கு நூலில் வேறொரு நூலின் ஃபாரத்தைச் சேர்த்துவிட்டாள். உணவு இடைவேளை முழுவதும் நின்று அவளுக்கு நான் பாடம் நடத்தினேன். அவள் சோற்றில் கைவைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது அவள் சிரிக்கவில்லை. என் தோளுக்கு மேலாக எட்டி அந்தப் பொடி எழுத்தைப் பார்த்தாள். மெதுவாக, கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல் சொன்னாள்: "பக்க எண்ணைப் பாக்கறவங்க வாசகருங்க, அடையாளத்தைப் பாக்கறவங்கதான் தொழிலாளின்னு நீங்கதானேக்கா சொன்னீங்க." வெட்டுகிறவரின் சிரிப்பைத் தாங்கிக்கொண்டேன் அண்ணி. இதைத் தாங்க முடியவில்லை. அன்றைக்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அதற்குச் சரியான சொற்றொடர் ஒன்றும் எனக்குக் கிடைக்கவில்லை. "தப்பு என் மேலதான்" என்று மட்டும் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னேன். செருப்புக் கம்பியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேரட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு மூணாம் நாளே தெரியும்மா" என்றார்.

"குதிரை என்றா?"

"குதிரைன்னு தெரியல. மனுஷன் இல்லேன்னு தெரிஞ்சுச்சு."

"பிறகு ஏன் அண்ணே வாய் திறக்கவில்லை?"

"மனுஷனா இருந்த ரெண்டு வாரமும் ஒரே காய். இதுலதான் ஆப்பிள் வந்துச்சு. எதுக்குக் கெடுத்துக்கணும்?" கொஞ்ச நேரம் மென்றார். "தட்டிக் குடுத்தியே, அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு. முப்பத்தோரு வருஷம் எத்தனையோ பேரு என் லிஃப்ட்ல ஏறி இறங்கினாங்க. ஒருத்தரும் தட்டிக் குடுத்ததில்ல."

நான் எழுந்து தவிட்டுக் கிண்ணத்தைக் கழுவப் போனேன்.

வியாழன் வந்தது. போகாமல் இருந்துவிடலாம் என்று தோன்றியது உண்மை. ஆனால் அந்த இருபத்து மூன்று பேரில் எவராவது வீட்டில் உப்புக்கட்டி வைத்துவிட்டால் என்னாவது? கூட்டத்தில் அதைப் பற்றி நான் சொல்லவில்லைதான். இருந்தாலும் குதிரைக்கு எழுதியதை மனிதருக்குப் படித்துக் காட்டியவள் சும்மா இருக்க முடியுமா? போனேன். எழுந்து நின்று, எழுதிவைத்திருந்த முன்னுரையை மடித்துப் பையில் வைத்துவிட்டு, "போன வாரம் நான் வாசிச்சது குதிரை புஸ்தகம்" என்றேன். தபால்காரர்தான் முதலில் கேட்டார்: "அப்போ ஒரு வாரமா நாங்க சாப்பிட்டது?" ஓட்ஸ், கேரட், ஆப்பிள் என்றேன். "நல்லாத்தானே இருந்துச்சு" என்றார். ரொட்டிக்கடைக்கார அம்மாள் தலையில் கைவைத்துக்கொண்டார். "என் வீட்டுக்காரரைத் தினமும் பிரஷ்ஷால தேச்சேனே!" "அவர் என்ன சொன்னார்?" என்றார் மருத்துவர். "நிறுத்தாதேங்கறார்" என்றார் அம்மாள். தலைமையாசிரியர் மட்டும் குறிப்பேட்டைத் திறந்து "விரிந்த கை" என்ற வரியை அடித்தார். நியாயந்தான்.

மருத்துவர் என்னைப் பக்கத்தில் அழைத்தார். "பிரஷர் மாத்திரைய நிறுத்தினீங்களா?" இல்லை என்றேன். "உப்பு?" கொடுக்கவில்லை என்றேன். கம்பியைப் பற்றியும் சொன்னேன். பிறகு அவர் சொன்னார்: "தவிடு, காய், நடை, வெயில் எல்லாம் நல்லதுதான். ஆனா ஆளுக்கு ஆள் அளவு இருக்கு, கேட்டுட்டுச் செய்யணும். தன் காலத் தானே உணராத உயிருக்கு, வேற ஒருத்தர்தான் பாத்துச் சொல்லணும். அது குதிரையா இருந்தா என்ன, உங்க அண்ணனா இருந்தா என்ன. அந்த ஒரு பக்கத்த மட்டும் எனக்குக் கழட்டிக் குடுங்க, சுவத்துல ஒட்டறேன்." ஐம்பத்தேழாம் பக்கம் இப்போது மருந்தகச் சுவரில் இருக்கிறது. அடியில் எந்தக் கையேட்டிலிருந்து எடுத்தது என்பதை என் கையாலேயே எழுதிவைத்தேன்.

காயம் ஆறிவிட்டது அண்ணி. நேற்றுக் கட்டுப் பிரித்தார்கள். சர்க்கரையும் இறங்கியிருக்கிறது, எவ்வளவு என்பதை அண்ணனே தங்களுக்குத் தொலைபேசியில் சொல்லட்டும், அந்தப் பெருமை என்னுடையதல்ல. நான் செய்தவற்றில் வருந்துவதற்கு நிறைய இருக்கின்றன. அவற்றுள் தலையாயது, தங்கள் கணவரின் காலில் கட்டு இருந்த பத்து நாளும் தங்களிடம் மறைத்தது. தாங்கள் நம்பி ஒப்படைத்துவிட்டுப் போனவரை நான் பெருமைக்காகப் பயன்படுத்திக்கொண்டேன். இனி ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக்கூட அவரை என்னிடம் விடமாட்டேன் என்று தாங்கள் முடிவு செய்தால், அதை எதிர்த்து ஒரு வரியும் எழுதமாட்டேன். ஆனாலும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன்: தவறு எங்கே நுழைந்தாலும், பார்க்க வேண்டியதை நூல் பார்க்க வைத்தது. பாதம் தப்பியது ஒரு நூலால்தான். குதிரை நூலாக இருந்தாலும் நூல் நூல்தானே. அந்த ஓர் ஆறுதலையாவது தாங்கள் எனக்கு விட்டுவைக்க வேண்டும்.

பேத்திக்கு என் சார்பில் கன்னத்தில் ஒரு முத்தம். அவளுக்கென ஒரு சிறு குறிப்பேடு தைத்து அனுப்புகிறேன். ஒவ்வொரு தாளையும் மூன்று முறை புரட்டிப் பார்த்துவிட்டேன். அதில் எதுவும் அச்சாகியிருக்கவில்லை. மகளுக்கு நல்ல உறக்கமும், தங்களுக்கு நல்ல பொறுமையும், இம்மடலைப் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள யாராவது ஒருவரும் வாய்க்க வாழ்த்துகிறேன்.

என்றும் தங்கள் மன்னிப்பை எதிர்நோக்கியிருக்கும்,
நாத்தனார்

பின்குறிப்பு: இதை முடித்துவிட்டு உறை தேடி இழுப்பறையைத் திறந்தேன். அடியில் தங்கள் அட்டை. ஐந்து வாரத்தில் முதன்முறையாக அதைப் படித்தேன். முதல் வரி: "தினமும் குளிச்சதும் உள்ளங்காலப் பாரு. அவருக்கு அங்க உணர்ச்சி இல்ல, வலிச்சாலும் தெரியாது." இரண்டாவது வரி: "செருப்பை உதறிட்டு மாட்டச் சொல்லு." ஆப்பிள் நான்காவது வரியில் இருந்தது. கடைசி வரி: "இத நீ படிக்கமாட்டே, எனக்குத் தெரியும். என்னைக்காவது படிச்சா ஒரு வார்த்தை சொல்லு, அதுக்கப்புறம்தான் எனக்கு நிம்மதி."

மேலே உள்ள பக்கங்களையெல்லாம் கிழித்துவிடுங்கள் அண்ணி. படித்துவிட்டேன்.